பேச்சியம்மாள் சிஸ்டரின் அமெரிக்க லைசென்ஸ்

எங்கள் ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாளிடம் ஊசி போட்டுக்கொண்ட யாரும் ஊசி வலித்ததாகப் புகார் சொன்னதில்லை. ஊசிக்கு முன்னால் அவள் பேசும் பேச்சிலேயே இடுப்பு மரத்துப்போய்விடும். "பூமியக் குடையுத மிசினை ஓட்டுதீரு, இந்தத் துளியூண்டு ஊசிக்கு நெளியுதீரு. வீட்டம்மாவக் கூப்பிடட்டுமா, கையப் பிடிச்சிக்கிட?" என்பாள். அந்த ஆள் வெட்கப்பட்டு முடிப்பதற்குள் பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள்.

நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நானும் அவளும் ஒரே வருஷம் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தோம். நான் கோயம்புத்தூர்ப் பக்கம், அவள் சங்கரன்கோவில் பக்கம். அவள் கணவர் இசக்கிமுத்து மைன்ஸில் எலெக்ட்ரீஷியன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அக்கம்பக்கம் பேசி ஓய்ந்து, பேச வேறு விஷயம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் லீலாம்மாவின் போட்டோ வந்தது.

லீலாம்மா எங்கள் வார்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்த மலையாளத்துப் பெண். கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கச் சொன்னால் பக்கோடாப் பொட்டலம் மாதிரி சுருட்டிவைப்பாள். பேச்சியம்மாள் அதைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடிக்கவைத்தே அவளை அழவிட்டிருக்கிறாள். அந்த லீலாம்மா சிகாகோவில், முழங்கால் வரை பனியில், ஒரு சிவப்புக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

பேச்சியம்மாள் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். "இவளுக்கா வேலை குடுத்திருக்கான்? அந்த ஊரு நோயாளியெல்லாம் உசுரோட இருக்கானா?" என்றாள்.

பிற்பாடு யாராவது கேட்டால், புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு அமெரிக்கா போனதாகச் சொல்லுவாள். அதெல்லாம் சும்மா. பொறாமைதான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அங்கே நர்ஸாக வேலை பார்க்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் பரீட்சையை அங்கே போய்த்தான் எழுத முடியும். அங்கே போவதற்கு விசா வேண்டுமானால், வெளிநாட்டு நர்ஸுகளுக்கென்று தனியாக ஒரு முன்பரீட்சை வைத்திருந்தார்கள், அதில் முதலில் பாஸாக வேண்டும். வாசலுக்கு வர ஒரு பரீட்சை, படியேற இன்னொரு பரீட்சை. கல்யாணத்துக்குக்கூட அவளை ஒரு தடவைதான் பெண் பார்த்தார்கள்.

விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அவள் மாட்டிக்கொண்டாள். முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது.

"எனக்கு முதலும் கடைசியும் ஒண்ணுதான்" என்றாள்.

"நடுவுல வெட்டிரு" என்றார் இசக்கிமுத்து. ஒயரை வெட்டி ஒட்டிப் பழகினவர். அப்படித்தான் பேச்சி என்பது முதல் பெயராகவும், அம்மாள் என்பது கடைசிப் பெயராகவும் ஆயின. அதோடு விட்டதா? நர்சிங் பள்ளிச் சான்றிதழில் இங்கிலீஷில் பேச்சிக்கு நடுவே ஒரு 'டி' எழுத்து இருந்தது. சென்னையில் பதிவு செய்த சான்றிதழில் அது இல்லை. இவர்கள் இருவரும் அக்கா தங்கையா என்று கேட்காத குறையாக அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. பண்ருட்டிக்குப் போய், 'டி' உள்ள பேச்சியும் 'டி' இல்லாத பேச்சியும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் முத்திரை வாங்கினாள். "ஒரு எழுத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று வக்கீல் கேட்டதற்கு, "உமக்கு அது எழுத்து, எனக்கு அது கப்பலுக்குப் பாலம்" என்றாளாம். விமானத்தில் போகப்போகிறவள் கப்பலை ஏன் இழுத்தாள் என்று தெரியவில்லை. சண்டையென்று வந்துவிட்டால் அவள் பொருத்தமெல்லாம் பார்ப்பதில்லை.

லீலாம்மா தலையணை கனத்துக்கு ஒரு கேள்விப் புத்தகம் அனுப்பினாள். மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள் எல்லாம் பேச்சியம்மாளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனநல நர்சிங் என்ற ஐந்தாவது பாடத்தில்தான் தலைகுப்புற விழுந்தாள். படிக்கிற காலத்தில் அவளை மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு மாதம் போட்டிருந்தார்கள். அங்கே அவள் கற்றுக்கொண்டது சாவிக்கொத்தை இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொள்வது மட்டும்தான்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து இசக்கிமுத்து கேள்விகளை உரக்கப் படிப்பார். பதினொன்றாவது வரை படித்த இங்கிலீஷ், ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற தோரணை. நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பரீட்சைக்குத் தயாரானார்கள் என்றே சொல்லலாம்.

"ஒரு நோயாளி, சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்கிறார். நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்?" என்று படித்துவிட்டு நாலு விடைகளையும் தமிழில் சொன்னார்.

"நானே ஒரு வாய் தின்னு காட்டுவேன். ரெண்டாவது விடை" என்றாள் பேச்சியம்மாள்.

"தப்பு. நாலாவது. 'உங்களுக்குப் பயமாக இருக்கிறது போலிருக்கிறது' அப்படின்னு சொல்லணும்."

"பயமா இருக்குன்னு அவன்தான சொல்லுதான்? அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லுததுக்கு நர்ஸ் எதுக்கு? கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக் கத்துனாப் போதாதா?"

"எனக்கென்ன தெரியும்? புக்ல போட்டிருக்கு."

எந்தக் கேள்வியை எடுத்தாலும் இதே கதைதான். நோயாளி அழுதால் அவள் கண்ணைத் துடைக்கச் சொல்லுவாள். புத்தகம் பக்கத்தில் சும்மா உட்காரச் சொல்லும். நோயாளி கத்தினால் அவள் அதட்டுவாள், புத்தகம் 'மேலே சொல்லுங்கள்' என்னும். "அந்த நாட்டுல நர்ஸுக்கு வாயே கெடையாது போல" என்று புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிவாள்.

பரீட்சை பம்பாயில் நடந்தது. எழுதிவிட்டு வந்தவள் நன்றாகச் செய்ததாகச் சொன்னாள். டேப் போட்டுக் கேட்கவைத்த பகுதி மட்டும்தான் சரியாகக் காதில் விழவில்லையாம். ஒரு ஆணும் பெண்ணும் பல் விளக்கிக்கொண்டே பேசின மாதிரி இருந்ததாம். இசக்கிமுத்துவுக்கு அது போதும். மைன்ஸ் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு சிகாகோவின் குளிரைப் பற்றி, தான் அங்கிருந்து நேற்றுத்தான் திரும்பி வந்தவர்போல, விஸ்தாரமாகச் சொன்னார். செய்தி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு விசாவே கிடைத்துவிட்டதாக ஆகியிருந்தது. வார்டில் எல்லோரும் சேர்ந்து பிரிவுபசார டீ பார்ட்டி வைத்து ஒரு எவர்சில்வர் குடமும் கொடுத்தோம். பேச்சியம்மாள் மறுத்துப் பார்த்தாள். அவள் தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டோம். அவளுக்குத் தன்னடக்கம் கிடையாது என்பது தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது எங்கள் பிசகு.

முடிவு வந்தது. மனநலத்திலும் இங்கிலீஷிலும் தேறவில்லை.

மறுநாள் வழக்கம்போல் டியூட்டிக்கு வந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவளே, "குடத்தைத் திருப்பிக் கேக்க நெனைக்கவங்க இப்பமே கேட்டுருங்க. தண்ணி ஊத்தியாச்சு, வெளக்கித்தான் தரணும்" என்றாள்.

இரண்டாம் தடவைக்கு இசக்கிமுத்து எங்கிருந்தோ ஒரு பழைய டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார். டவுன்ஷிப்பில் அப்போது இருந்த வெள்ளைக்காரர்கள் மெஷின் பார்க்க வந்த ஜெர்மன்காரர்கள். அவர்களுடைய இங்கிலீஷ் எங்களுடையதைவிட மோசம். அதனால் சிற்றலையில் அமெரிக்க வானொலியைக் கேட்டுப் பழகினாள். மனநலப் பாடத்தைத்தான் எப்படிப் பழகுவதென்று தெரியவில்லை. "சமையல் புக்கைப் படிச்சா தோசை வருமா? கல்லுல ஊத்திப் பாக்கணும்" என்றாள். எங்கள் வார்டைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

முதலில் சிக்கினவர் ராஜாங்கம். காடாம்புலியூர்க்காரர், மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர், வயிற்றுப் புண்ணோடு படுத்திருந்தார். கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். இனி அவர் பாடு அவ்வளவுதான் என்று மற்ற நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். பேச்சியம்மாள் கட்டிலருகே வந்து நின்றாள். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"நீங்க கோவமா இருக்கீங்கன்னு எனக்குத் தோணுது. அதப்பத்திச் சொல்லுங்க."

ராஜாங்கம் மிரண்டுபோனார். "இன்னா சிஸ்டர், உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"இல்ல. நீங்க சொல்லுங்க."

"கஞ்சில உப்பு இல்லீங்க."

"உப்பு இல்ல. அது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "உப்பு கெடக்குதுங்க சிஸ்டர். என் தம்பி இருக்கான் பாருங்க, பலா மரத்தையெல்லாம் அவன் பேர்ல எழுதிகினு, முந்திரிய என் தலையில கட்டிட்டான். ஒரே கொல்லதாங்க. நான் வேலிக்கு இந்தாண்ட நின்னுகினு பலாப்பழத்தப் பாத்துகினே இருக்கணும். வயிறு எரியாம இன்னா செய்யும்?"

தாத்தா காலத்து எல்லைக்கல்லில் தொடங்கி அவர் சொல்லி முடிக்கப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸே வந்துவிட்டார். ஸ்டூலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளைப் பார்த்து, "சிஸ்டர், ஊசி?" என்றார்.

"அவரு சொல்லி முடிச்சிரட்டும் சார். தம்பி இப்பதான் ரிஜிஸ்தர் ஆபீசுக்குள்ள நுழையுதான்."

டாக்டர் நின்று பார்த்தார். பிறகு அவரும் கொஞ்ச நேரம் கேட்டார்.

அதற்கப்புறம் வார்டு வார்டாக இல்லை. அடுத்த கட்டில்காரருக்கும் கோபம் இருந்தது. அதற்கடுத்தவருக்கு மாமனார் இருந்தார். குணமானவர்கள் வீட்டுக்குப் போக மறுத்தார்கள். மேட்ரன் வந்து, "இது வார்டா, பஞ்சாயத்து ஆபீஸா?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு ஆயாசமா இருக்கு போலிருக்கே மேடம்" என்று பேச்சியம்மாள் ஆரம்பித்தாள். மேட்ரன் வேகமாகப் போய்விட்டார். தான் சாப்பிடுகிற நர்ஸ் விடுதிச் சாப்பாட்டில் ஆரம்பித்தால் அவரும் சீக்கிரம் நிறுத்தமாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

எங்கள் வார்டில் தனகோடி என்று ஒரு ஆயா. நாங்கள் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள், அவள் மட்டும் பக்கத்து ஊரான வடக்குத்து. பெட்பேன் எடுப்பது, தரை துடைப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். ஒரு நாள் மத்தியானம் டிரெஸ்ஸிங் ரூமில் நாங்கள் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வேறு ஆள் கிடைக்காததால் பேச்சியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ வருத்தமா இருக்கேன்னு எனக்குத் தோணுது தனகோடி."

"இன்னாங்கக்கா, என்னையும் புடிச்சிகினீங்களா? வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"சரி."

நோயாளி பேசாவிட்டால் நர்ஸும் பேசாமல் இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரு விதி. பேச்சியம்மாள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"ரொட்டி விசயம்தாங்க" என்றாள் தனகோடி.

"ரொட்டி."

"நீங்க மறந்துருப்பீங்க. நான் வேலைக்கு வந்த புதுசு. நோயாளிங்க ரொட்டி ரெண்டு கொறஞ்சிச்சி. பாக்க வந்த ஜனமெல்லாம் நின்னுகினு இருக்காங்க. 'அந்த வடக்குத்துக்காரி மடியப் பாருங்க'ன்னீங்க. அவுத்துக் காட்டுனேன். வெத்தலதான் இருந்திச்சி. நீங்க ஒண்ணுமே சொல்லாம அந்தாண்ட போயிட்டீங்க. அன்னிக்கு வூட்டுக்குப் போனா சோறு எறங்கல."

பேச்சியம்மாளின் முகம் மாறியது. "அன்னைக்கு நான் வந்து…" என்று தொடங்கி நிறுத்தினாள். தன் பக்கத்து நியாயத்தை நர்ஸ் சொல்லக் கூடாது, அதுவும் ஒரு விதி. விழுங்கிக்கொண்டு, "பொறவு?" என்றாள்.

பிறகும் இருந்தது. நிறைய இருந்தது. யார் யார் முன்னால் பேச்சியம்மாள் என்னென்ன சொன்னாள் என்று தனகோடி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. நடுவில் எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. என் பெயரும் எங்காவது வந்துவிடுமோ என்ற பயம்தான்.

மறுநாள் பார்வையாளர் நேரம். வார்டு நிறைய ஜனம், தூக்குவாளிகள், சாத்துக்குடிகள். பேச்சியம்மாள் நட்டநடுவில் போய் நின்று, ஊசிக்குக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு ரொட்டிய எடுத்தது தனகோடி இல்ல. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என்னுது."

வார்டு விழித்தது. மூன்றாம் கட்டில்காரர், "எந்த ரொட்டி?" என்று கேட்டார். "இன்னிக்கு ரொட்டி இல்லையாம்" என்று யாரோ அவருக்கு விளக்கினார்கள். காலை உணவைப் பற்றிய கவலை கட்டிலுக்குக் கட்டில் பரவியது.

தனகோடி அவள் கையைப் பிடித்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இன்னாங்கக்கா இது, மானம் போவுது. ஊருல ஒருத்தருக்கும் நெனப்பு இல்லாததுங்க அது. இப்ப டவுன்ஷிப்பு பூரா, யாரு அந்தத் தனகோடி, அவ ஏன் ரொட்டிய எடுத்தான்னு கேக்கப் போவுது."

"அப்போ என்ன செய்யச் சொல்லுத?"

"என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?"

பேச்சியம்மாளுக்கு அது தோன்றவே இல்லை. அப்போது சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றிலிருந்து தனகோடி அவளை எதிர்த்துப் பேச ஆரம்பித்தாள். வார்டில் இரண்டு வாய்கள் ஆயின.

இரண்டாம் தடவை பேச்சியம்மாள் எல்லாப் பாடத்திலும் தேறினாள். இப்போது இசக்கிமுத்து பின்வாங்கினார். கேன்டீன் சிகாகோ வேறு, நிஜச் சிகாகோ வேறு அல்லவா? பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டு மனைவியின் பின்னால் போகிறவன் என்ற பேச்சு ஏற்கெனவே ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறிக்கொண்டிருந்தது.

"நான் அங்க வந்து என்னத்தச் செய்ய? பனிய அள்ளவா?" என்று கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

"உங்களுக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தோணுது."

"ஏளா, அந்தக் கருமத்தை என்கிட்ட காட்டாத. கேள்வியப் படிச்சிக் குடுத்ததே நான்தான்."

"அப்போ நான் என்ன சொல்லணும்?"

"ஏசு. எப்பவும் போல ஏசு."

ஏசினாள். கல்யாணத்தன்று வேட்டி அவிழ்ந்ததிலிருந்து தொடங்கி, கேன்டீனில் அளந்த பொய், வாங்கிய குடம், ரயிலில் தொலைத்த செருப்பு வரை ஒன்று விடாமல் ஏசினாள். காலையில் இசக்கிமுத்து தெளிந்த முகத்தோடு வந்து, வேலையை விடவில்லை, நீண்ட லீவு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னார்.

எண்பத்திரண்டில் போனார்கள். சிகாகோ விமானநிலையத்திலேயே இசக்கிமுத்து மிஸ்டர் அம்மாள் ஆகிவிட்டார். மனைவியின் கடைசிப் பெயர் அம்மாள் என்றால் புருஷனுடையதும் அதுதானே என்பது அவர்கள் கணக்கு. திருத்திப் பார்த்தார். இசக்கிமுத்து என்று சொல்ல அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து, அம்மாளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வேலை கிடைத்தது. நீண்ட லீவு அப்படியே ராஜினாமாவாக முடிந்தது.

பேச்சியம்மாளுக்கு நடந்ததுதான் வேடிக்கை. லைசென்ஸ் வரும்வரை அவளை நர்ஸாக வைத்துக்கொள்ள முடியாது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, பெட்பேன் எடுப்பது, விரிப்பு மாற்றுவது என்று உதவியாள் வேலை கொடுத்தார்கள். அவளுக்கு மேலே இருந்த நர்ஸ் லீலாம்மா. முதல் நாளே விரிப்பின் மூலையை மடிக்கும் முறை அமெரிக்காவில் வேறு என்று சொல்லி, இவள் மடித்ததைப் பிரித்துப் போட்டாளாம். "தமயந்தி, அவ சிரிச்சிக்கிட்டே பிரிச்சா. நான் செத்தேன்" என்று எனக்கு எழுதினாள். "நான் இப்பப் பாக்கது தனகோடி வேலை. அவ அளவுக்கு எனக்கு வரல. அவகிட்ட சொல்லிராத, ஏற்கெனவே வாய் நீளம்."

சொல்லாமல் இருப்பேனா? தனகோடி கேட்டுவிட்டு, "முதுவுல புண்ணு இருந்தா கைய எப்பிடிக் குடுத்துத் திருப்பணும்னு அவங்களுக்கு எப்பவுமே வராது. வந்தா கத்துத் தரேன்னு எழுதுங்க" என்றாள்.

ஓட்டப்பந்தய மைதானம் அளவுக்கு ஒரு மண்டபத்தில் ஆயிரக்கணக்கான பெண்களோடு உட்கார்ந்து லைசென்ஸ் பரீட்சை எழுதினாள். தேறினாள். லைசென்ஸ் தபாலில் வந்த அன்று லீலாம்மாவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் காட்டிவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் போகாமல் திரும்பிவிட்டாளாம். பிறகு குளிர் தாங்காமல் தெருமுனையிலிருந்து மறுபடி வந்து தட்டி, காப்பி குடித்துவிட்டுத்தான் போனாளாம்.

எண்பத்தாறில் லீவில் வந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வேறே மாற்றம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வந்ததிலிருந்து எல்லோரிடமும் மெதுவாகப் பேசினாள், சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள், தலையை ஆட்டினாள். எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில், சந்தோஷமாகத்தான் இருக்கிறாயா என்று கேட்டேன்.

"இருக்கேன். சம்பளம் இருக்கு, கார் இருக்கு, வீட்டுக்குள்ள சுடுதண்ணி வருது" என்றாள். பிறகு, "ஆனா அங்க யாரும் சண்டைக்கு வர மாட்டேங்காங்க தமயந்தி. நான் ஒரு வார்த்த ஏசுனா, 'உங்களுக்கு ஏதோ கஷ்டம் போலிருக்கு'ங்காங்க. ஊரு பூரா அந்தப் புக்கைப் படிச்சிருக்கு. எனக்கு நெஞ்சடைக்கு" என்றாள்.

அன்று மெயின் பஜாருக்குப் போனோம். சாக்கு விரித்து முந்திரி விற்றுக்கொண்டிருந்த ஒருவரின் குவியலில் கையை விட்டு நாலைந்தை எடுத்துப் பார்த்தாள்.

"ஏய்யா, இது முந்திரியா, அதுக்கும் முந்தின தலைமுறையா?"

"வேணும்னா வாங்குங்க, வேணாட்டி வுடுங்க. காலங்காத்தால கையப் போட்டுக் கிளறிகினு" என்றார் அவர், ஏறிட்டும் பார்க்காமல்.

பேச்சியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கிளறத்தான் செய்வேன். தின்னப்போறது நான்லா? பூச்சிக்குப் பந்தி வச்சிருக்கீரே, பூச்சிகிட்ட வெலை கேட்டீரா?"

அவர் எழுந்து நின்றார். பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்கும் வாய் சளைத்ததில்லை. கூட்டம் கூடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடவில்லை. கடைசியில் அவள் வேறு கடையில் வாங்கினாள், அதுவும் அதே தரம்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

"நாளைக்கு மீன்காரிகிட்ட போவமா?" என்று கேட்டாள்.